சுருட்டை வந்த வருஷம்

ஜனவரி 19, ஞாயிறு

தலை எரிகிறது. குனியக் கூடாது, சொறியக் கூடாது, வெயிலில் போகக் கூடாது, தும்மினால்கூட மெதுவாகத் தும்ம வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் டாக்டர். சும்மா உட்கார்ந்திருக்கிறவன் எதையாவது எழுதலாமே என்று, டயர் கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நேற்று கோயம்புத்தூரில் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்னைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டு, பின்னந்தலை முடியை ஒவ்வொன்றாக வேரோடு எடுத்து முன்னந்தலையில் நட்டார்கள். அதற்கு முன்னால் மிச்சமிருந்ததையும் மழித்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் குங்குமப் பொட்டு வைத்த தேங்காய் மாதிரி இருக்கிறது.

பெயர் மகுடீஸ்வரன். "மகுடம் வெக்கறதுக்கு மாப்பிள்ளைக்கு எடம் தாராளம்" என்று கல்யாணமான புதிதிலிருந்து என் மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறான். முப்பதில் ஆரம்பித்து நாற்பதுக்குள் எல்லாம் போயாயிற்று. நான் அதற்குக் கவலைப்பட்டதே கிடையாது. வழுக்கைத் தலையனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று உடுமலைப்பேட்டையில் எவரும் சொன்னதில்லை. டிரைவிங் ஸ்கூலுக்குப் புது போர்டு வைக்கிறோம், அதில் என் படம் வரவேண்டும், அதனால்தான் இந்த ஏற்பாடு. மனைவி சுகுணாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"தொப்பி போட்டுட்டுப் படம் எடுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டாள் புண்ணியவதி.

அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "நாத்து நட்ட வயலாட்டம் இருக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பிடியும் மொட்டை அடிச்சுட்டாங்க. அதப் பழனில அடிச்சிருந்தா முருகனுக்காச்சும் ஆயிருக்கும்" என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நட்டதெல்லாம் கொட்டுகிறது. தலையணையில், சோப்பில், தொப்பிக்குள், எங்கே பார்த்தாலும் என் முடிதான். டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்: மேலே இருக்கிற முடி உதிரும், வேர் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாசத்தில் திரும்ப முளைக்கும் என்று. அவர் சொன்னபோது பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். இப்போது தலையணையில் விழுந்ததை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா என் தலையணை உறையை வாசலில் உதறினாள். முகம் சுண்டிப்போயிற்று. நேராகச் சாமி அறைக்குப் போய் வெகுநேரம் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. என்னம்மா என்றதற்கு, "உனக்கொண்ணுமில்ல, போய்ச் சாப்புடு" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

ஒன்றும் முளைக்கவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் மூன்று பேர் பாஸ். நான்காவது ஆள் கம்பத்தை இடித்துவிட்டுக் கம்பத்தையே முறைத்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பிறந்தநாள். நாற்பத்து நான்கு. அப்பா போன வயது. சுகுணா கேசரி கிண்டினாள். அம்மா, அக்கா மகளுக்குப் பிரசவம் என்று நேற்றே தாராபுரம் போய்விட்டாள். காருக்கு கிளட்ச் வயர் மாற்ற வேண்டும்.

மே 18, ஞாயிறு

முளைத்துவிட்டது! விரலை வைத்துத் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கிறது. மகள் மிதுனா டார்ச் அடித்துப் பார்த்து, "ஆமாப்பா, நெசமாத்தான்" என்று சாட்சி சொன்னாள். சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "குழந்தைக்குப் பல்லு வந்தாப்புல இப்பிடிக் குதிக்கறீங்க" என்றாள். இன்றைக்கு அவள் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது.

ஜூன் 15, ஞாயிறு

ஏதோ சரியில்லை. முடி வருகிறது, ஆனால் என் முடி இல்லை. எனக்கு இருந்தது அம்மாவின் முடி. கோரைப்புல் மாதிரி நேராக, வழவழவென்று, சீப்பை வைத்தால் தானாக இறங்கும். இப்போது வந்திருப்பது கம்பி. முரட்டுக் கம்பி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக வளைந்து, சுருண்டு நிற்கிறது. காலையில் சீப்பு சிக்கிக்கொண்டது. இழுத்தால் வேரோடு வந்துவிடுமோ என்று பயந்து சுகுணாவைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னேன். "நூடுல்ஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் மிதுனா.

டாக்டருக்குப் போன் போட்டேன். பலருக்கும் இப்படி வருவதுதானாம். நட்ட இடத்தில் தோல் ஆறிவரும்போது முதலில் வருகிற முடி முரடாக, சுருண்டு வரும். வருஷம் ஒன்றோ ஒன்றரையோ போனால் பழைய குணத்துக்குத் தானாகத் திரும்பிவிடும். பயப்படாதீர்கள் என்றார். சாயங்காலம் கடைக்குப் போய் முடியைப் படியவைக்கும் ஜெல் ஒன்று வாங்கி வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

தளி ரோட்டில் ஒரு டீச்சரம்மாவுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வரும் வண்டியை எப்படிப் பார்ப்பது என்று காட்டுவதற்காக உள்கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். அந்தக் கண்ணாடியில் முழு முகம் தெரியாது. நெற்றியும் முடியும்தான் தெரியும்.

அப்பா இருந்தார்.

என் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டேன். "என்னாச்சுங்க சார்?" என்று பதறினார் டீச்சரம்மா. நாய் குறுக்கே வந்ததாகச் சொன்னேன். நாயெல்லாம் ஒன்றும் வரவில்லை.

அப்பா, டிரைவர் தண்டபாணி. உடுமலையிலிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல் போகும் தனியார் பஸ். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னைக் கூட்டிப் போய் இன்ஜின் பெட்டிமேல் துண்டை மடித்துப் போட்டு உட்காரவைப்பார். பெட்டி கொதிக்கும். ஆனாலும் இறங்க மாட்டேன். அங்கிருந்து பார்த்தால் மேலே இருக்கிற கண்ணாடியில் அவர் நெற்றியும் சுருட்டை முடியும் தெரியும். ஜன்னல் காற்றுக்கு என் சட்டை படபடக்கும், சவாரிக்காரர்களின் துண்டு பறக்கும், அப்பாவின் முடி மட்டும் அசையாது. கண்டக்டர் தன் பென்சிலை அதில் செருகிவைப்பார், ஒட்டன்சத்திரம்வரை விழாது. ஸ்டாண்டில் நிறுத்தியதும் குழாயில் முகம் கழுவி, தலையை நனைத்து, பின்பாக்கெட் சீப்பை எடுத்துப் போராடுவார். கொஞ்ச நேரம் ஜெயித்த மாதிரி இருக்கும். காய்ந்ததும் பழையபடி எழுந்து நிற்கும். பக்கத்தில் போனால் தேங்காய் எண்ணெயும் டீசலும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை நினைத்து எத்தனை வருஷம் ஆயிற்று!

வாங்கிய ஜெல்லை இன்னும் திறக்கவில்லை. திறக்க நேரமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

அம்மா தாராபுரத்திலிருந்து வந்தாள். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வீட்டுக்கு வந்ததும் வேர்வை தாங்காமல் தொப்பியைக் கழற்றினேன். சொம்பை வாயருகே கொண்டுபோன அம்மா குடிக்கவில்லை.

"திரும்பு" என்றாள். திரும்பினேன். பின்னந்தலையில் என் பழைய நேர்முடிதான். "இந்தப் பக்கம் பாரு" என்றாள். கையைத் தூக்கி என் தலைக்கு அருகில் கொண்டுவந்தாள், தொடாமலே இறக்கிவிட்டாள்.

"காப்பி போடறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

சுகுணா வந்து காதோரம் சொன்னாள்: "அத்தை குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதுட்டிருக்காங்க."

ஜூலை 3, வியாழன்

இட்லி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும், கோவிச்சுக்கக் கூடாது. முடியெல்லாம் கொட்டுச்சில்ல, அன்னைக்கு நேர்ந்துக்கிட்டேன்."

"என்னன்னு?"

"என்ற பையனுக்கு முடி நல்லபடியா வந்துருச்சுன்னா, அந்த முடியப் பழனியாண்டவனுக்கே குடுத்தர்றேன்னு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்கும் டாக்டர் விடமாட்டார்.

"ஏம்மா, காலு சரியானா அந்தக் காலையே வெட்டிக் குடுக்கறேன்னு யாராச்சும் நேர்வாங்களா? இந்த முடிக்கு ஆறு மாசமாத் தவம் கெடக்கறேன்!"

"எனக்கு வேறென்ன நேரத் தெரியும்? ஒடம்புக்கு ஒண்ணுன்னா முடி குடுக்கறேம்பாங்க. வாயில அதுதான் வந்துச்சு."

சுகுணா சிரிப்பை அடக்கமாட்டாமல் சமையலறைக்கு ஓடினாள். அம்மா சிரிக்கவில்லை. "சாமி காரியம். தள்ளிப்போடக் கூடாது. ஆனி முடியறதுக்குள்ள போயிட்டு வந்தறலாம்" என்றாள்.

எனக்கு எட்டு வயதில் மஞ்சள்காமாலை. பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா நேர்ந்தாள்: பிழைத்துவிட்டால் பையன் முடியும் அவன் அப்பன் முடியும் பழனிக்கு என்று. நான் பிழைத்தேன், மொட்டை அடித்துக்கொண்டேன். அப்பா மட்டும் அடுத்த தைப்பூசம், அடுத்த தைப்பூசம் என்று தள்ளிக்கொண்டே போனார். நாள் தவறாமல் போகையிலும் வருகையிலும் பழனியைத் தாண்டுவார். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மலையைப் பார்த்துக் கும்பிடுவார். இறங்கி ஏறி முடி கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. "பையன் முடி குடுத்தாச்சில்ல, பாதிய முருகன் தள்ளுபடி பண்ணிக்குவாரு" என்று சிரிப்பார். நான் ஒன்பதாவது படிக்கும்போது, திண்டுக்கல் ஸ்டாண்டில் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே சரிந்தார். நெஞ்சுவலி.

டாக்டர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். அம்மாவுக்கு இத்தனை வருஷமாக ஒரே காரணம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

பூமுடி கொடுத்துவிடலாமா என்று பேரம் பேசிப் பார்த்தேன். மூன்று இடத்தில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தால் போதுமே. "பொம்பளைங்க குடுக்கறதுடா அது. நேர்ந்தது முழு முடி" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். மொட்டை அடிப்பதால் வேருக்கு ஒன்றும் ஆகாதாம், நன்றாகத் திரும்ப வளருமாம். ஆனால் இந்த நீளத்துக்கு வருவதற்குள் சுருட்டைக் குணம் பெரும்பாலும் போயிருக்கும், நேராகத்தான் வரும் என்றார். எனக்கு நல்ல செய்திதானே என்று வேறு சொன்னார்.

ராத்திரி சாப்பிடும்போது அதை அப்படியே சொன்னேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அப்ப இது மறுக்கா வராதா?" என்றாள்.

"வராதும்மா. நேர்முடிதான் வரும்."

ரசம்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆனி போய் ஆடியும் முடியப்போகிறது. ஆடியில் முடி எடுக்கக் கூடாதாம். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே பழனிக்குப் போகிறது. எங்கள் அம்மாவுக்கு மட்டும் ஆடி ஆகாது. நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆகாது என்றால் ஆகாது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள். "முரட்டு முடிடா, எண்ணெய் காட்டாட்டிச் சிக்கு விழுந்துரும்." நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் என்னை உட்காரவைத்து, விரலால் ஒவ்வொரு சுருளாகப் பிரித்துப் பிரித்துத் தேய்க்கிறாள். முன்பக்கம் மட்டும்தான். பின்னந்தலைக்கு ஒரு சொட்டுகூட வருவதில்லை. அங்கே இருப்பது அவள் முடிதானே.

இன்று தேய்த்துக்கொண்டே தானாகச் சொன்னாள்: "கண்ணாலத்தன்னைக்கு உங்கப்பாவுக்குத் தலைப்பாக் கட்ட முடியல. கட்டக் கட்ட எந்திரிச்சு நிக்குது. எனக்குச் சிரிப்பு. குனிஞ்ச தலை நிமிராமச் சிரிச்சேன். எங்கம்மா, புள்ள அழுகுதுன்னு நெனச்சுட்டாங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முகத்தை இப்போது பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆவணியில் அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லை. புரட்டாசி பெருமாள் மாசமாம், முருகன் கோவித்துக்கொள்வாராம். சொல்லும்போது அவளே என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாமி அறையில் முன்பைவிட அதிக நேரம் நிற்கிறாள். நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, "மெல்லப் போ சாமி" என்கிறாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வருகிறாள். பேசாமல் நானே ஒருநாள் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்துவிடலாம். நாளை போகலாம் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்ததும் மனசு மாறிவிடுகிறது.

நானும் தள்ளித்தான் போடுகிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

பெரிதாக ஒன்றுமில்லை. பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார் ஒரு புது ஆள். வண்டி புளியமரத்தில் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குப் புருவத்துக்கு மேலே தையல்.

வீட்டுக்கு வந்தபோது சட்டையில் ரத்தம் இருந்தது. அம்மா அதைப் பார்த்துக் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். "நான்தான்! நான்தான் தள்ளிப்போட்டேன்! அறிவு வந்துச்சா எனக்கு?" சுகுணா கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை பழனிக்குப் போகிறோம். முடிவாகிவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

அம்மா இன்று எண்ணெய் தேய்க்க வரவில்லை. நானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

மிதுனாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். அப்பா ஓட்டிய அதே ரோடு. மடத்துக்குளம் தாண்டி மலை தெரிந்ததும், என்னை அறியாமல் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடி எடுக்கும் மண்டபத்தில் நல்ல கூட்டம். அம்மாவையும் சுகுணாவையும் உட்காரவைத்துவிட்டு வரிசையில் நின்று சீட்டு வாங்கிவந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காரப் போனேன். அம்மா என் கையிலிருந்து சீட்டை உருவி முடி எடுக்கிறவரிடம் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, அது எனக்கு வாங்குனது."

"தெரியும். நவுந்துக்க."

கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அறுபத்தெட்டு வயதிலும் இடுப்புவரை விழுகிற முடி. பாதி நரைத்தது, ஆனால் ஒரு வளைவுகூட இல்லாத முடி. அப்பா இருந்தவரை திண்டுக்கல்லிலிருந்து தினமும் இதற்கு மல்லிகைப் பூ வரும்.

முடி எடுக்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பூமுடிங்களாம்மா? மூணு எடத்துல கத்திரி போட்டுரட்டுங்களா?"

"முழுசா எடுங்க."

"அம்மா, நேர்ந்தது என்ற முடிய. ஆள் மாத்திக் குடுத்தா எப்பிடி?" என்று நான் குரலை உயர்த்திவிட்டேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இத்தனை மாசத்தில் இவ்வளவு தெளிவாக அவளைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு அவரு முடிய நேர்ந்தேன். இன்னைக்கு உன்ற முடிய நேர்ந்தேன். என்ற தலைய ஒருக்காக்கூட நேரல பாத்தியா? அடுத்தவங்க தலைய வெச்சே வேண்டிட்டிருந்தா முருகன் என்னதான் பண்ணுவாரு? வாயி என்னுது, வேண்டுதலும் என்னுது, முடியும் என்னுதாவே இருக்கட்டும்."

"அம்மா..."

"உன்ற தலைல இருக்கறது அவருடா. அவர ஒருக்காக் குடுத்துட்டேன். மறுக்காவும் குடுன்னு அந்த முருகனே எறங்கி வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். தண்ணீர் தெளித்தார்கள். முதல் கற்றை என் காலடியில் வந்து விழுந்தது. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் நடுவில், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் நின்று அழுதேன். போர்டுக்காகவாம், படத்துக்காகவாம். யாரிடம் கதை விட்டேன் நான்? எனக்கு அப்பா வேண்டியிருந்தது. அவர் வயது வந்துவிட்டது, கண்ணாடியில் அவரைக் காணவில்லை, அவ்வளவுதான்.

சந்தனம் பூசிக்கொண்டு படியேறும்போது அம்மா நின்று, மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "காத்து என்னடா இப்பிடிச் சில்லுங்குது! இது தெரியாமயே இத்தன வருசம் இருந்துட்டேனே."

நவம்பர் 9, ஞாயிறு

போர்டுக்குப் படம் எடுத்தாயிற்று. தொப்பி இல்லாமல். படம் எடுத்த பையன் முடியைக் கொஞ்சம் படியவைக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

முன்நெற்றியில் ஒரு கொத்து நேராகிவிட்டது. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. நல்ல டாக்டர்தான், எனக்குத்தான் இப்போது அவரைப் பிடிக்கவில்லை.

சலூனில் மெதுவாகக் கேட்டேன், நேர்முடியைச் சுருட்டிவிட முடியுமா என்று.

"லேடீஸ் பார்லர்ல பண்ணுவாங்க. யாருக்குங்கண்ணா, உங்களுக்கா?"

"இல்லீங்க, தெரிஞ்சவருக்கு."

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு வாரமாக எண்ணெய் வேண்டாம், சளி பிடிக்கிறது என்று தப்பித்துக்கொண்டிருந்தேன். இன்று அம்மா விடவில்லை. கிண்ணத்தோடு வந்து உட்காரச் சொன்னாள். அவள் தலையில் நரைமுடி இரண்டு விரல்கடை வளர்ந்திருக்கிறது. உட்கார்ந்தேன். காதோரம் இரண்டு மூன்று சுருள் மட்டும்தான் பாக்கி. மற்றதெல்லாம் கோரைப்புல்.

அவள் விரல் என் நெற்றியிலிருந்து உச்சிவரை போயிற்று. எங்கேயும் சிக்கவில்லை. திரும்ப ஒருமுறை போயிற்று.

"தலை நனைஞ்சா உங்கப்பாவுக்கும் இப்பிடித்தான், நேராப் படிஞ்சு கெடக்கும்" என்றாள் அம்மா.

என் தலை காய்ந்துதான் இருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.